பழைய ஆர்சி கார்: பிரித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

ஒன்று ஒன்றரை வருடம் நன்றாக ஓடிய ஆர்சி கார் (ரிமோட்டில் ஓட்டும் சின்ன வண்டி) ஒருநாள் சொன்ன பேச்சு கேட்காமல் போகும். நேராக விட்டால் ஒரு பக்கமாக இழுக்கும், கியர் பக்கம் கரகரவென்று சத்தம் வரும், முன்பு கால் மணி நேரம் தாங்கிய பேட்டரி ஐந்தே நிமிடத்தில் படுத்துவிடும், சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடும். அந்த நேரத்தில் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "இது அவ்வளவுதான்" என்று பரணில் ஏற்றிவிட்டுப் புதிது வாங்குவது ஒன்று. கண்ணுக்குத் தெரிந்த உடைசலுக்கு இந்த வாரம் ஒரு பாகம், அடுத்த வாரம் இன்னொரு பாகம் என்று வாங்கிப் போட்டுக்கொண்டே போவது இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் செய்தேன். எட்டு மாதம் கழித்து பில்களைக் கூட்டிப் பார்த்தபோது தொகை புது வண்டியின் விலையைத் தாண்டியிருந்தது, வண்டி அப்போதும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

அதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆர்சி காரை ஒரே பொருளாகப் பார்க்காதீர்கள், அது இரண்டு பாதி. எல்லாவற்றையும் தாங்கும் அடித்தட்டான சேசிஸ், கியர், சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் ஆர்ம், குலுக்கலைத் தாங்கும் ஷாக், சக்கரம் எல்லாம் உருளும் பாதி. ரிமோட், அதன் சிக்னலை வாங்கும் ரிசீவர், ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி, மோட்டார், பேட்டரி, சார்ஜர் எல்லாம் மின்சாரப் பாதி. அடிபட்டுத் தேய்வது பெரும்பாலும் முதல் பாதி. காசு பெரிய அளவில் முடங்கிக் கிடப்பது இரண்டாவது பாதியில், அதைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டிக்கொள்ள முடியும். ஆகவே சரிசெய்வது, புதிது வாங்குவது என்ற இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

கையில் இருப்பது பொம்மையா, ஹாபி வண்டியா

மேலே இருக்கும் பாடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். மோட்டார், ஸ்டியரிங், பேட்டரி எல்லாவற்றின் ஒயர்களும் ஒரே ஒரு சர்க்யூட் போர்டில் போய் சால்டர் ஆகியிருந்தால் அது பொம்மை வகை. பழைய பொம்மை என்றால் ரிமோட்டின் அடியில் 27 அல்லது 49 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கும். இஎஸ்சி தனி, ரிசீவர் தனி, சர்வோ தனி என்று ஒவ்வொன்றும் தனிப் பெட்டியாக இருந்து, சர்வோவிலிருந்து மூன்று ஒயர் கொண்ட பிளக் ரிசீவருக்குப் போனால் அது ஹாபி வகை. இரண்டுக்கும் இடைப்பட்டவையும் உண்டு. உதிரி பாகம் கிடைக்கும், ஆனால் இஎஸ்சியும் ரிசீவரும் ஒரே போர்டாக இருக்கும், சர்வோவில் ஐந்து ஒயர் இருக்கும். அந்த ஐந்து ஒயர் சர்வோவின் மூளை போர்டில்தான் இருக்கிறது, அதனால் சாதாரண மூன்று ஒயர் சர்வோவை அதற்குப் பதிலாக அப்படியே செருக முடியாது. இது தெரியாமல் சர்வோ வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

பொம்மை வகைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பேட்டரி, அறுந்த ஒயர், துருப்பிடித்த சுவிட்ச் இந்த மூன்றில் ஒன்று என்றால் சரிசெய்யுங்கள், ஒரு மணி நேர வேலை. போர்டு போய்விட்டால் காசு போடாதீர்கள். வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் ஒரு திருப்புளியோடு அதைக் கையில் கொடுத்துவிடுங்கள், பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

இனி சொல்வதெல்லாம் ஹாபி வண்டிக்கு. உதாரணத்துக்கு இரண்டு வண்டிகளை மனதில் வைத்துக்கொள்கிறேன். ஒன்று ஜப்பானின் டமியா 2013-ல் கொண்டுவந்த டிடி-02, சாலையில் ஓடும் நான்கு சக்கர டிரைவ் வண்டி. இன்னொன்று அமெரிக்காவின் டிராக்ஸஸ் 2008-ல் கொண்டுவந்த ஸ்லாஷ், மண்ணில் ஓடும் டிரக்.

முதலில் சுத்தம் செய்யுங்கள்

தேய்மானம் என்று நாம் நினைப்பதில் பாதி அழுக்குதான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ் இரண்டையும் வைத்து மண்ணை முழுவதும் தட்டி எடுங்கள். மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கும், அது சுற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியருக்கும் நடுவில் சிக்கிய ஒரு சின்னக் கல் வண்டியே செத்த மாதிரி சத்தம் போட வைக்கும். பின் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொண்டு பேரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும், அதை ஒரு ஊசியால் எடுங்கள். பிசுக்குக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும், மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். பெட்ரோல், தின்னர் பக்கம் போகாதீர்கள். பாடி பாலிகார்பனேட்டில் செய்தது, பெட்ரோல் பட்டால் அதில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடி, அடுத்த மோதலில் பொலபொலவென்று உடையும்.

ஒரு முறை கடற்கரை ஈர மணலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, அலுப்பில் துடைக்காமல் அப்படியே வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு எடுத்தபோது சக்கரம் திரும்பவே இல்லை. மோட்டார் எரிந்துவிட்டது என்று நினைத்துப் புது மோட்டார் வாங்கப் போனேன். உண்மையில் போனவை எட்டு பேரிங், அவ்வளவுதான். உப்பும் மணலும் உள்ளே போய்த் துருவாகி இறுகியிருந்தன. மோட்டாரைத் தனியாகக் கழற்றிச் சுற்றிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பிரித்துப் பார்க்கும் வரிசை

ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். கழற்றும் ஸ்குரூக்களை இட்லித் தட்டிலோ, குழி குழியான ஏதாவது பெட்டியிலோ, கழற்றிய வரிசையில் போடுங்கள், நடுநடுவே மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, டமியா ஸ்குரூவின் தலை பார்க்க சாதாரண ஸ்டார் மாதிரி இருந்தாலும் அது ஜப்பான் அளவான ஜேஐஎஸ். சாதாரண ஸ்டார் திருப்புளியால் அழுத்திச் சுற்றினால் தலை வழுக்கிவிடும். ஸ்லாஷ் போன்றவற்றுக்கு நல்ல ஆலன் கீ வேண்டும், 1.5, 2, 2.5 மி.மீ. மூன்றும் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும்.

முதலில் மோட்டாரைக் கழற்றி, கியர் தொடர்பு இல்லாமல் நான்கு சக்கரங்களையும் விரலால் சுற்றுங்கள். வழுவழுவென்று சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். மணலை அரைக்கிற மாதிரி விரலில் உணர்ந்தால் பேரிங். பேரிங்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதற்கு எந்தக் கம்பெனியின் தயவும் தேவையில்லை, ஏனென்றால் அளவுகள் உலகம் முழுவதும் ஒன்றே. டிடி-02-ல் பெரும்பாலும் வருவது 5×11×4 மி.மீ. அளவு, பேரிங் கடையில் எம்ஆர்115 என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். திருப்பத்தில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரென்ஷியல், பல வண்டிகளில் அதில் வரும் 10×15×4 மி.மீ. பேரிங்கின் எண் 6700. டிடி-02 கிட்டில் (நாமே பூட்டிக்கொள்ளும்படி பாகங்களாக வரும் பெட்டி) பல இடங்களில் பேரிங்குக்குப் பதில், குண்டுகள் இல்லாத வெறும் வளையமான புஷ்தான் கொடுத்திருப்பார்கள். அது தேய்ந்து ஓவலாகியிருந்தால் வண்டி பழசாகிவிட்டது என்று அர்த்தமே இல்லை, 16 பேரிங் வாங்கிப் போட்டால் புதிதாக இருந்ததைவிட நன்றாக ஓடும். சுத்தம் செய்த பேரிங்குக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். கிரீஸை அப்பினால் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்து கியர். நல்ல வெளிச்சத்தில் ஸ்பர் கியரின் ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். ஒரே இடத்தில் மூன்று நான்கு பல் மொட்டையாகியிருந்தால் அங்கே கல் மாட்டியிருக்கிறது. சுற்றிலும் எல்லாப் பல்லும் கத்தி முனை மாதிரி கூர்மையாகியிருந்தால் பினியனோடு பொருந்தும் இடைவெளி தவறு. இந்த வித்தியாசம் முக்கியம், பின்னால் சொல்கிறேன். டிஃபரென்ஷியலைச் சோதிக்க ஒரு பின் சக்கரத்தையும் ஸ்பர் கியரையும் அசையாமல் பிடித்துக்கொண்டு அடுத்த பின் சக்கரத்தைச் சுற்றுங்கள். சுற்ற முடியக்கூடாது. டக் டக் என்று தாவினால் உள்ளே பல் போயிருக்கிறது.

மூன்றாவது ஆட்டம். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள், பிறகு முன்னும் பின்னும். கொஞ்சம் ஆட்டம் எல்லா வண்டியிலும் இருக்கும், டிடி-02-ன் ஸ்டியரிங்கில் புது வண்டியிலேயே கொஞ்சம் ஆட்டம் உண்டு என்பதால் அதைக் கண்டு பதற வேண்டாம். எங்கே ஆடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை: பேரிங்கா, ஆர்மில் பின் நுழையும் ஓட்டையா, ஸ்டியரிங் லிங்க்கின் குண்டு மாட்டும் முனையா. ஆர்மின் பின்னை உருவி ஒரு கண்ணாடி மேல் உருட்டுங்கள், வளைந்திருந்தால் தத்தித் தத்தி உருளும். வண்டி ஒரு பக்கமாக இழுப்பதற்கு ஐம்பது ரூபாய் பின் காரணமாக இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான்காவதுதான் முடிவைத் தீர்மானிக்கும், சேசிஸ். சக்கரங்களையும் ஷாக்குகளையும் கழற்றிவிட்டு சேசிஸை சமையலறை கிரானைட் மேடையில் வையுங்கள். நான்கு மூலையும் உட்கார வேண்டும், ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை தூக்கினால் முறுக்கிக்கொண்டிருக்கிறது. பிறகு ஆர்ம் மாட்டும் இடங்களைச் சுற்றி நகத்தால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு நகத்துக்குத் தெரியும். பம்பர் பக்கம், பேட்டரிப் பள்ளத்தின் ஓரம் என்று பாரம் தாங்காத இடத்தில் வெடிப்பு இருந்தால் வெடிப்பு முடியும் நுனியில் 1 மி.மீ. ஓட்டை போட்டுவிட்டால் மேற்கொண்டு ஓடாது. ஆர்ம் மாட்டும் இடத்திலோ கியர் பெட்டியைத் தாங்கும் இடத்திலோ வெடித்திருந்தால் ஒட்டி ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஃபெவிக்விக் வகைப் பசைகள் டயரை ரிம்மில் ஒட்டுவதற்கு அருமையானவை, நைலான் கலந்த சேசிஸில் நிற்காது.

மின்சாரப் பாதி

மோட்டார் பிரஷ் வகையா, பிரஷ்லெஸ்ஸா என்று பாருங்கள். இரண்டு ஒயர் என்றால் பிரஷ், மூன்று தடித்த ஒயர் என்றால் பிரஷ்லெஸ். பிரஷ் என்பது மோட்டாருக்குள் உரசி மின்சாரம் கடத்தும் துண்டு, அதனால் பிரஷ் மோட்டார் தேயும் பொருள், சைக்கிள் பிரேக் கட்டை மாதிரி. கையால் தள்ளிவிட்டால்தான் ஓடுகிறது, வேகம் குறைந்துவிட்டது, ஐந்து நிமிடத்தில் தொட முடியாத சூடு என்றால் அதன் காலம் முடிந்தது. டமியா கிட்டில் வரும் வெள்ளி நிற 540 மோட்டாரில் பிரஷ்ஷை மாற்ற முடியாது, மோட்டாரையே மாற்ற வேண்டும், விலையும் குறைவுதான். பிரஷ்லெஸ் மோட்டாரில் தேய்வது பேரிங் மட்டும், அதை மாற்றினால் வருடக்கணக்கில் ஓடும்.

சர்வோ ஒரு பக்கம் திரும்பாமல் 'கிர்ர்' என்று சுற்றினால் உள்ளே பிளாஸ்டிக் பல் போயிருக்கிறது. கியர் செட் தனியாகக் கிடைத்தால் மாற்றலாம், இல்லையென்றால் மெட்டல் கியர் சர்வோ வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும் முன் பழைய சர்வோவின் அச்சில் எத்தனை பல் என்று எண்ணுங்கள். 23, 24, 25 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண்ணிக்கை மாறினால் அச்சில் மாட்டும் சின்னக் கையான ஹார்ன் பொருந்தாமல் போகும்.

இஎஸ்சி செத்துவிட்டது என்று முடிவு செய்யும் முன் கனெக்டரையும் சால்டரையும் பாருங்கள். பழைய வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டர் உள்ளே பழுப்பேறி உருகியிருந்தால், வண்டி விட்டு விட்டு ஓடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எக்ஸ்டி60 மாதிரி நல்ல கனெக்டராக மாற்றி சால்டர் செய்து பாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது, கனெக்டர், சிலிகான் ஒயர், சால்டரிங் அயர்ன் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பியிருந்தால் அன்றோடு நிறுத்துங்கள். "கொஞ்சம்தான் உப்பியிருக்கு" என்று ஓட்டாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கிறேன் என்று ஒருபோதும் போகாதீர்கள், தீப்பிடிக்கும். உப்பவில்லை என்றால் முழுதாகச் சார்ஜ் செய்து ஒரு மணி நேரம் வைத்துவிட்டு ஒவ்வொரு செல்லையும் அளந்து பாருங்கள். 4.2 வோல்ட் அருகில் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று 4.19, இன்னொன்று 4.05 என்று நின்றால் அந்த செல் களைத்துவிட்டது. ஓட்டும்போது செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது, அதனால் இஎஸ்சியில் வோல்ட் இறங்கினால் தானே நிறுத்தும் லிப்போவுக்கான கட்-ஆஃப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ஓட்டியதால்தான் பாதி பேட்டரிகள் சாகின்றன.

ஏன் போச்சு என்று கேளுங்கள்

இப்போது நோட்டில் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஏன்' என்று எழுதுங்கள். நான் எட்டு மாதம் வீணாக்கியது இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான்: ஸ்பர் கியர் போகும்போதெல்லாம் புது ஸ்பர் கியர் வாங்கினேன், மோட்டாரின் ஸ்குரூ லூசாகி மோட்டார் நகர்கிறது என்பதைப் பார்க்கவில்லை. எல்லாப் பல்லும் தேய்ந்திருந்தால் காரணம் இடைவெளி. மோட்டாரை நகர்த்திப் பொருத்தும் வகை வண்டியில், நோட்டுத் தாளில் ஒரு துண்டைப் பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவில் விட்டு, இரண்டையும் அழுத்தி மோட்டாரை இறுக்கிவிட்டு, கியரைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வந்தால் சரியான இடைவெளி. இரும்போடு இரும்பு சேரும் ஸ்குரூவுக்கு நீல நிற திரெட் லாக் ஒரு சொட்டு விடுங்கள், பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்குரூவுக்கு வேண்டாம்.

சர்வோ பல் அடிக்கடி போனால், சக்கரம் அடிபடும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் சர்வோ சேவர் இறுகிப்போயிருக்கும், அல்லது ரிமோட்டில் ஸ்டியரிங் முழு வீச்சு அதிகமாக வைத்திருப்பதால் சர்வோ முட்டிக்கொண்டு நிற்கும். மோட்டார் அடிக்கடி எரிந்தால் பினியன் பெரிதாக இருக்கிறதா, பேரிங் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்ம் அடிக்கடி உடைகிறது என்றால் ஓட்டும் இடத்தைப் பாருங்கள். டிடி-02 வழுவழுப்பான தரையில் ஓடச் செய்த வண்டி, அதன் அடிவயிறு தரைக்கு மிக அருகில் இருக்கும். நம் ஊரில் மொட்டை மாடி, கார் பார்க்கிங், பேட்மின்டன் கோர்ட் தவிர அப்படித் தரை எங்கே இருக்கிறது? வீட்டு வாசலில் ஜல்லி ரோடுதான் என்றால் என்ன பாகம் போட்டாலும் அது உடைந்துகொண்டேதான் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு என் யோசனை நேரடியானது. அந்த வண்டியை நல்ல நிலையில் வைத்து, அதற்கேற்ற தரை இருப்பவருக்கு விற்றுவிட்டு, ஸ்லாஷ் மாதிரி உயரமான டிரக்குக்குப் போங்கள்.

ஐந்து பாகங்களைத் தேடிப் பாருங்கள்

எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். முன் ஆர்ம், முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் ஸ்டியரிங் நக்கிள், ஸ்பர் கியர், டிஃபரென்ஷியல் கியர், சேசிஸ். உங்கள் வண்டிக்கு இந்த ஐந்தும் இப்போது விற்பனையில் இருக்கிறதா என்று தேடுங்கள். இன்றைக்கு உடைந்தது ஆர்ம் மட்டும்தான் என்றாலும் ஐந்தையும் தேடுங்கள். ஐந்தும் கிடைத்தால் தைரியமாகச் சரிசெய்யலாம். ஆர்மும் ஸ்பர் கியரும் மட்டும் கிடைத்து, டிஃபரென்ஷியலும் சேசிஸும் எங்கும் இல்லை என்றால், அந்த வண்டிக்கு இன்று போடும் காசு அடுத்த பெரிய அடி வரைக்கும்தான்.

வண்டியின் வயதை வைத்து இதைக் கணிக்க முடியாது. டமியாவின் கிராஸ்ஹாப்பர் 1984-ல் வந்த வண்டி, 2005-ல் மறுபடி வெளியிட்டார்கள், அதனால் நாற்பது வயது வண்டிக்கும் புதுப் பாகம் வாங்க வழி பிறந்தது. இரண்டு வருடம் முன்பு வாங்கிய பெயர் தெரியாத வண்டிக்கு ஒரு ஆர்ம் கூடக் கிடைக்காமல் போகலாம். இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. சீன வண்டிகளுக்குச் சின்னச் சின்னப் பாகங்களை நேரடியாக வரவழைக்கப் பலர் நம்பியிருந்த சீன ஆன்லைன் கடையான அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் தடை செய்யப்பட்டது. இப்போது உள்ளூரில் இறக்குமதி செய்து விற்பவரிடம் இருப்பு இருந்தால்தான் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் பாகத்தின் விலையைத் தாண்டிவிடும் என்பதால், ஒவ்வொன்றாக வாங்காமல் முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் வாங்குங்கள்.

பாகம் கிடைக்கவில்லை என்றால் அதே மாடலில் ஓடாத வண்டியைப் பழைய விலைக்கு வாங்கி இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவது நல்ல வழி. 3டி பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் என்ன பிளாஸ்டிக் என்று கேளுங்கள். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கிவிடும், மே மாத வெயிலில் காருக்குள் வைத்தாலே வளையும். ஆர்முக்கு நைலான் கேளுங்கள்.

கணக்கு போடும் முறை

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. புது வண்டி முழு செட்டாக 20,000 ரூபாய். உங்கள் பழைய வண்டியின் பட்டியலைக் கூட்டினால் 7,000 வருகிறது. 7,000-த்தை 20,000-த்தோடு ஒப்பிட்டு "சரிசெய்வதே லாபம்" என்று சொல்லிவிடுவோம், அங்கேதான் தவறு. உங்கள் ரிமோட், ரிசீவர், இஎஸ்சி, பேட்டரி, சார்ஜர் நன்றாக இருக்கின்றன. மின்சாரப் பாதி இல்லாத வண்டியோ கிட்டோ 11,000-க்குக் கிடைக்கிறது என்றால், 7,000-த்தை ஒப்பிட வேண்டியது அதோடுதான். 7,000 போட்டால் பாதி பழைய வண்டி, 11,000 போட்டால் உருளும் பாதி முழுவதும் புதிது, கழற்றிய பழைய வண்டியிலிருந்து ஒரு பெட்டி நிறைய உதிரி பாகம். அதே மாடலையே மறுபடி வாங்கினால் அந்த உதிரிகள் எல்லாம் பயன்படும். இதுதான் நான் சொன்ன மூன்றாவது வழி. டிடி-02 மாதிரி கிட்டாக வரும் வண்டிகளில் இது மிகவும் எளிது, 540 மோட்டாரும் சில கிட்டுகளில் இஎஸ்சியும் கூடவே வந்துவிடும், சர்வோ, ரிமோட் செட், பேட்டரி மூன்றையும் பழைய வண்டியிலிருந்து மாற்றினால் போதும்.

உருளும் பாதியைச் சரிசெய்யும் செலவு, புது உருளும் பாதியின் விலையில் பாதிக்குள் இருந்தால் சரிசெய்கிறேன். பாதியைத் தாண்டினால் மாற்றிவிடுகிறேன். இது என் கோடு, உங்கள் கோடு கொஞ்சம் மாறலாம். ஆனால் ஏற்கெனவே செலவழித்ததை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். "போன மாதம்தானே இரண்டாயிரத்துக்கு ஷாக் போட்டேன்" என்ற எண்ணம்தான் செத்த வண்டிக்கு மேலும் மேலும் காசு கொட்ட வைக்கும்.

தண்ணீரில் மூழ்கி மோட்டார், சர்வோ, இஎஸ்சி மூன்றும் ஒன்றாகப் போயிருந்தால் கணக்கு தலைகீழாகும், அப்போது முழு செட்டாகப் புதிது வாங்குவதுதான் பெரும்பாலும் மலிவு.

முதல் வண்டி என்றால் ஒரு விதிவிலக்கு சொல்வேன். கணக்கு கொஞ்சம் உதைத்தாலும் ஒரு முறை முழுவதும் பிரித்துப் பூட்டிவிடுங்கள். அடுத்த வண்டியும் தேயத்தான் போகிறது, அன்றைக்கு இந்தக் கை பழக்கம் உதவும்.

சரிசெய்யும்போது பலம் கூட்டாதீர்கள்

கையோடு கையாக பிரஷ்லெஸ் மோட்டார் போட்டுவிடலாம் என்று தோன்றும். பிரஷ் மோட்டாரைத் தாங்கச் செய்த வண்டியில் அதைப் போட்டால் முதலில் ஸ்பர் கியர் போகும், அதை இரும்பில் போட்டால் டிஃபரென்ஷியல் போகும், அதையும் பலப்படுத்தினால் அச்சை இணைக்கும் டாக்போன் வளையும். ஒவ்வொரு முறையும் பலவீனம் அடுத்த இடத்துக்கு நகரும், அங்கே பாகம் இன்னும் விலை அதிகம். அலுமினியம் ஆர்மும் அப்படித்தான். பிளாஸ்டிக் ஆர்ம் வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும், மிஞ்சினால் அதுவே உடையும். அலுமினியம் ஆர்ம் அடியை அப்படியே சேசிஸுக்கு அனுப்பிவிடும். மலிவான பாகம் முதலில் உடைவது நல்லது. காசு போட வேண்டும் என்றால் பேரிங், நல்ல சர்வோ, நல்ல பேட்டரி மூன்றில் போடுங்கள், மூன்றும் அடுத்த வண்டிக்கும் கூடவே வரும் வாய்ப்பு அதிகம்.

பாடி உடைந்ததற்காக வண்டியை மாற்றாதீர்கள். உள்பக்கம் ஆல்கஹாலால் துடைத்து, சுவர் வெடிப்புக்கு ஒட்டும் ஃபைபர் வலை டேப்பை வைத்து, மேலே காய்ந்தாலும் ரப்பர் மாதிரி வளையும் செருப்புப் பசையைத் தடவி ஒரு நாள் விட்டுவிடுங்கள். புது பாடியைவிட அது அதிகம் தாங்கும்.

பூட்டிய பிறகு

எல்லாம் பூட்டியதும் முழு வேகத்தில் விரட்டாதீர்கள். முதல் ஐந்து நிமிடம் பாதி வேகத்தில் ஓட்டிவிட்டு நிறுத்தி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை இரண்டு மூன்று விநாடி வைக்க முடிந்தால் சரி, சூடு அளக்கும் கருவி இருந்தால் 80 டிகிரியைத் தாண்டக்கூடாது. எல்லா ஸ்குரூவையும் ஒரு சுற்று பாருங்கள், புதிதாகப் பூட்டியதில் இரண்டு மூன்று கட்டாயம் லூசாகியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் லிப்போவை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் வாக்கில் கொண்டுவந்து வையுங்கள், முழு சார்ஜோடு வாரக்கணக்கில் விடாதீர்கள். அப்புறம் அந்த நோட்டில் தேதியையும் என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்பதையும் எழுதி, ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு வையுங்கள். அதே பாகம் மூன்று மாதத்துக்குள் மறுபடி போனால் பாகத்தை ஆர்டர் செய்யும் முன் அந்தப் பக்கத்தைத் திறங்கள்.